ஏஞ்சலோவுக்குக் கொண்டுபோன பூண்டு ரொட்டி

அமிர்தநாதனுக்கு நெஞ்சில் வலி வந்தது. வந்த வலிக்கு அவரே ஞானஸ்நானம் கொடுத்து, 'வாயு' என்று பெயரும் வைத்துவிட்டார்.

வலி என்றால் சும்மா வலி இல்லை. தாராவியில் அவர் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அதில் பாதி ஏறும்போது யாரோ நெஞ்சு நடுவில் முட்டுக்காலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். இடது கை கனத்துப்போகும். குப்பென்று வேர்க்கும். மனிதர் ஏணியிலேயே நின்று, மேலே தொங்குகிற பல்பை ஆராய்ச்சி செய்வதுபோல் பாவனை பண்ணுவார். கொஞ்ச நேரத்தில் ஓர் ஏப்பம் வரும், வலி போகும். பார்த்தாயா, வாயுதான் என்று தனக்குத்தானே சர்டிபிகேட் கொடுத்துக்கொள்வார். ஏப்பம் தானாக வராத அன்றைக்கு வரவழைப்பார்.

இதைப் பற்றி மனைவி ஜெயசீலியிடம் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி என்பாள். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே அமிர்தநாதனுக்கு ஆறுமுகநயினார் நினைவு வந்துவிடும்.

ஆறுமுகநயினார் அதே சந்துக்காரர். இருவரும் குர்லாவில் ஒரே பட்டறையில் வேலை பார்த்து, ஒரே ரயிலில் தொங்கி, ஒரே வருஷம் ரிடையர் ஆனவர்கள். போன மழைக்காலத்தில் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே டாக்சியில் ஏறினார். "ஏல அமிர்தம், மேட்ச் என்ன ஆச்சுன்னு பாத்து வையி, வந்து கேக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். திரும்பி வரும்போது ஐஸ் பெட்டியில் வந்தார். சந்து குறுகலானது. முக்கில் பெட்டி திரும்பாமல் போக, செங்குத்தாக நிமிர்த்தித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். தூக்கினவர்களில் அமிர்தநாதனும் ஒருவர். உள்ளே நண்பர் சறுக்கி நின்ற சத்தம் அவர் தோளுக்கே கேட்டது. அன்றைக்கு அவர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போவதால்தான் சாகிறான்.

ஆகவே அவர் பூண்டைப் பிடித்துக்கொண்டார். வாயுவுக்குப் பூண்டு என்பது தெற்கே பிறந்த எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். காலையில் பச்சையாக முழுங்கினார். மத்தியானம் சுட்டுத் தின்றார். ராத்திரி பாலில் வேகவைத்துக் குடித்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் ரயிலில்கூட ஜனங்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

"இஞ்சேருங்க, கூடையில பூண்டு நிக்கவே மாட்டேங்கு. எங்க போவுது?"

"எலி தின்னுருக்கும்."

"எலி பூண்டு திங்குமா?"

"பம்பாய் எலி எல்லாத்தையும் திங்கும்ட்டி."

"உரிச்சுத் தோல குப்பையில போட்டுட்டுப் போற எலிய இப்பத்தான் கேள்விப்படுதேன்."

இனி ரகசியமாகத் தின்ன முடியாது, வெளிப்படையாகத் தின்ன ஒரு வழி வேண்டும் என்று அமிர்தநாதன் யோசித்தார். போன் வழிகாட்டியது. அதில் ஒரு வெள்ளைக்காரன் மைதா மாவைப் பிசைந்து, கை நீளத்துக்குக் குச்சி குச்சியாக உருட்டி, பூண்டும் வெண்ணெயும் பச்சிலையும் தடவிச் சுட்டுக்கொண்டிருந்தான். வைத்தியத்துக்கு வைத்தியம், பார்ப்பவர்களுக்குப் பலகாரம். அமிர்தநாதன் தொடையில் தட்டிக்கொண்டார். மறுநாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பிரகடனம் செய்தார்.

"ஜெயசீலி, இன்னைக்கு நான் ரொட்டி சுடப்போறேன்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஜெயசீலி அதை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னது?"

"ரொட்டி. பூண்டு போட்டு, எல போட்டு, குச்சி குச்சியா. ஸ்வீட்டி விட்டுட்டுப் போன ஓவன் சும்மாத்தான கெடக்கு." ஸ்வீட்டி அவர்கள் மகள். கல்யாணமாகித் திலக் நகரில் இருக்கிறாள்.

"ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"ரொட்டி கேக்கிய."

"கேக்கலட்டி, சுடுதேன். கேக்கதுக்கும் சுடுததுக்கும் வித்தியாசம் இல்லயா?"

இங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். அந்த வீட்டுச் சனம் சோற்றுச் சனம். ரொட்டி என்பது அவர்களுக்கு நோயாளித் தீனி. ஸ்வீட்டிக்கு டைபாய்டு வந்தபோது ரொட்டி வந்தது. அமிர்தநாதனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ரொட்டி வந்தது. யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனால் கையில் ரொட்டி போகும். நல்ல உடம்போடு இருக்கிற ஓர் ஆண்பிள்ளை தானாக வாய் திறந்து ரொட்டி என்று சொல்வதை ஜெயசீலி தன் வம்சத்திலேயே கண்டதில்லை. ஏற்கெனவே பூண்டு காணாமல் போகிறது. ஒரு மாதமாக மனிதர் மேல் அறையில் படுக்காமல், காற்று நன்றாக வருகிறது என்று கீழே கரப்பான்பூச்சிகளோடு படுக்கிறார். கீழ் அறைக்கு ஜன்னலே கிடையாது. இப்போது ரொட்டி.

அவள் மைதா டப்பாவை எடுத்து வைத்தாள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்டைக் கரைத்து, சர்க்கரை போட்டு, அது நுரைத்து வந்ததும் அமிர்தநாதன் மாவில் ஊற்றினார். பச்சிலைக்கு வாசலில் பெயின்ட் டப்பாவில் நின்ற ஓமவல்லியைப் பறித்தார். பீட்சாவோடு வந்து சேர்ந்து கிடந்த ஆரிகனோ பாக்கெட்டுகளையும் பல்லால் கிழித்தார்.

"ஓமவல்லி நெஞ்சுச் சளிக்குல்லா?" என்றாள் ஜெயசீலி.

"வாசனைக்குட்டி! நெஞ்சு கிஞ்சுன்னு காலையிலயே அபசகுனமா பேசாத."

"நான் சளியத்தான் சொன்னேன்."

"சொன்னது போதும், பூண்ட உரி."

"எவ்வளவு?"

"இருக்கதெல்லாம்."

"வெள்ளக்காரன் அவ்வளவா போட்டான்?"

"அவனுக்கு வாயு இல்ல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அமிர்தநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜெயசீலி தலை நிமிரவில்லை. பூண்டு உரிக்கிற வேகம் மட்டும் குறைந்தது.

மாவு இழுத்தது. நன்றாக அடித்துப் பிசைய வேண்டும் என்று போன்காரன் சொல்லியிருந்தான். அமிர்தநாதன் உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தினார். அழுத்தும்போதே அந்த முட்டுக்கால் வந்துவிட்டது. இந்தத் தடவை அது ஏறி நின்றது. தாடை வரைக்கும் வலித்தது. கண்ணுக்கு முன்னால் பாத்திர அலமாரி மங்கியது. அவர் மாவும் கையுமாகச் சுவரோடு சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏப்பத்தைக் கூப்பிட்டார். அது வரவில்லை. செத்துப்போகப் போகிறேன் என்று அவருக்குத் தெளிவாகத் தோன்றியது. பெட்டியை முக்கில் நிமிர்த்துவார்களே என்றும் தோன்றியது.

ஜெயசீலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். அவள் தன் முகத்தையே உற்றுப் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை. தன் சட்டை நனைந்ததை அவள் கவனித்துவிடக் கூடாதே என்பதில் அவர் மும்முரமாக இருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக வலி இறங்கியது.

"வாயு" என்றார் அமிர்தநாதன்.

"ஆமா, வாயுதான்" என்றாள் ஜெயசீலி.

"சீலா மீன் தின்னதுல்லா."

"ஆமா, மீனுதான். நீங்க இப்படியே இருங்க. மாவ நான் பெசையுதேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் ஒரே தடவையில் ஒத்துக்கொண்டது கிடையாது. அடுத்தடுத்து இரண்டு 'ஆமா' சொல்லியிருக்கிறாள். வேறொருவன் என்றால் அங்கேயே உஷாராகியிருப்பான். அமிர்தநாதனோ, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

மாவை மூடி வைத்துவிட்டு ஜெயசீலி ஏணியில் ஏறி மேலே போனாள். போனில் குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. கீழே வந்தபோது முகத்தைத் துக்கமாக வைத்திருந்தாள்.

"கேட்டியளா? நம்ம ஏஞ்சலோவ ஆஸ்பத்திரியில சேத்துருக்காவளாம்."

அமிர்தநாதனுக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியது. சபைக் கமிட்டித் தேர்தலில் அவரைத் தோற்கடித்துச் செயலாளர் ஆனவன் ஏஞ்சலோ. ஆராதனையில் எல்லோரையும் விட உரக்கப் பாடுகிறவன். மனிதனுக்குத் தலைவலி வந்து யாரும் பார்த்ததில்லை.

"ஏஞ்சலோவயா! என்னவாம்?"

"நெஞ்சாம்."

"நெஞ்சா!" என்றார். பிறகு நினைவு வந்து, "பாவம்" என்றார். அந்தப் பாவத்தில் துளி இரக்கம் கிடையாது. "அப்பமே நெனச்சேன். அந்தக் கத்து கத்துனா நெஞ்சு என்னத்துக்கு ஆவும்? எந்த ஆஸ்பத்திரி?"

"நம்ம ஜெஸி வேல பாக்க ஆஸ்பத்திரிதான். சயான்ல இருக்கு." ஜெஸி ஜெயசீலியின் அண்ணன் மகள், நர்ஸ். "சாய்ங்காலம் பாக்க விடுவாவளாம். நான் மட்டும் போயிட்டு வாறேன். உங்களுக்குத்தான் ஆஸ்பத்திரி ஆவாதே."

"ஏட்டி, சபைக்காரன் படுத்துக் கெடக்கான். பாக்கப் போவலன்னா கர்த்தர் என்னக் கேக்க மாட்டாரா?"

"இல்ல, உங்களுக்கு வாயு வேற..."

"வாயு போயிட்டு! வெறுங்கையோட போவப்படாது. இந்த ரொட்டியவே கொண்டுபோவோம். நான் சுட்டேன்னு சொல்லணும், என்ன?"

"சொல்லிருவோம்" என்றாள் ஜெயசீலி. அதோடு மாவைத் திறந்து உருட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன செய்யுத? மாவு பொங்கணும். ரெண்டு மடங்கா பொங்குனாத்தான் ரொட்டி மெத்துன்னு வரும்."

"பொங்கிட்டுன்னு வச்சுக்கிடுங்க."

"அதெப்படி வச்சுக்கிடது? ஈஸ்ட்டு வேல செய்யாண்டாமா?"

"அது வேல செய்யுத நேரம் நம்மகிட்ட இல்ல. வெரசா வெண்ணெயத் தடவுங்க."

தடவினார். ஓவனிலிருந்து கிளம்பிய பூண்டு வாசனை சந்து முழுவதையும் நிறைத்தது. எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் வெந்து வந்த ரொட்டி, வாசனையில்தான் ரொட்டி. கடித்துப் பார்த்தால் அகப்பைக் காம்பு. ஒன்றோடொன்று தட்டினால் டொக்கென்று கேட்டது. ஆறட்டும், சரியாகிவிடும் என்று அமிர்தநாதன் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினார். ஏஞ்சலோவின் பல் போனால்தான் அவருக்கு என்ன?

சயானுக்கு நடந்தே போகிறவள், முக்கில் நின்று டாக்சியைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"இங்கன இருக்க சயானுக்கு டாக்சியா?"

"ரொட்டி ஆறிப்போவும், ஏறுங்க."

டாக்சியில் அமிர்தநாதன் ஒத்திகை பார்த்தார். கட்டில் ஓரத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, 'ஏஞ்சலோ, நீ ஒடம்பப் பாத்துக்கோ. கமிட்டி வேலய நாங்க பாத்துக்கிடுதோம்' என்று சொல்ல வேண்டும். கமிட்டி என்னும் இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டால் நன்றாக இருக்கும். ஜெயசீலி வழி முழுக்க அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாசம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெஸி காத்திருந்தாள்.

"வாங்க மாமா. ஹார்ட் வார்டுக்குள்ள போறதுன்னா இப்ப எல்லாரும் ஈசிஜி எடுத்துட்டுத்தான் போவணும். புது ரூல்."

"பாக்க வாறவனுக்கா?"

"கொரோனா டைம்ல வாசல்லயே டெஸ்ட் எடுக்கலயா? அது மாதிரி. வேண்டாம்னா திரும்பிப் போயிருங்க மாமா, ஏஞ்சலோ சாச்சாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

இவ்வளவு தூரம் வந்து ஏஞ்சலோ படுத்துக் கிடக்கிற கோலத்தைப் பார்க்காமல் போவதா? அமிர்தநாதன் படுத்தார். நெஞ்சில் ஈரமாக எதையோ தடவி, வயர்களை ஒட்டினார்கள். அவர் டப்பாவை விடவில்லை. மெஷினிலிருந்து காகிதம் வந்தது. ஜெஸி பார்த்தாள். அவள் சிரிப்பு போய்விட்டது. இளவயது டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். அவர் சிரிக்கிற ஆளாகவே தெரியவில்லை. இருவரும் இங்கிலீஷில் வேகமாகப் பேசினார்கள்.

"மாமா, இந்த மாத்திரையச் சப்பி முழுங்குங்க."

"இதுவும் ரூலா?"

"ரூல்தான். இந்த அங்கிய மாட்டிக்கிடுங்க. வெளி உடுப்போட உள்ள விட மாட்டாவ."

மாட்டிக்கொண்டார். அந்த அங்கிக்கு முன்பக்கம் இருந்தது, பின்பக்கம் இல்லை. கையில் ஒரு பட்டையைச் சுற்றினார்கள். விசிட்டர் பாஸ் என்றாள் ஜெஸி. சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். பார்க்க வருகிறவனுக்கே இத்தனை மரியாதையா என்று அமிர்தநாதன் அசந்துபோய்விட்டார். ஜெயசீலி பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாய் ஓயாமல் எதையோ முணுமுணுத்தாள். உற்றுக் கேட்டிருந்தால் ஜெபம் என்று தெரிந்திருக்கும்.

வார்டில் ஒரு கட்டில் காலியாக இருந்தது.

"ஏஞ்சலோ எங்க?"

"வருவாவ மாமா. நீங்க படுங்க."

படுத்தார். கையில் ஊசி ஏறியது. தலைமாட்டில் ஒரு பெட்டி பீப் பீப் என்றது. அப்போதுதான் வார்டு வாசலில் ஏஞ்சலோ தோன்றினான். இரண்டு காலில் நடந்து வந்தான். சட்டையை இன் பண்ணியிருந்தான். கையில் ஆரஞ்சுப் பழம்.

"அண்ணாச்சி! மதினி போன்ல சொன்னாவ. இப்ப எப்படி இருக்கு?" என்றான், ஆராதனைக் குரலில். வார்டே திரும்பிப் பார்த்தது.

அமிர்தநாதன் ஏஞ்சலோவைப் பார்த்தார். ஆரஞ்சைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அடிப் பாதகத்தி!"

"மெதுவா பேசுங்க. டாக்டர் பேசப்படாதுன்னாரு."

"பொய் சொல்லிக் கூட்டியாந்துட்டியே! ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போற பொம்பளயா நீ?"

"ஆமா, பொய்தான் சொன்னேன். இன்னும் சொல்லுவேன்" என்றாள் ஜெயசீலி. "ரத்தக் கொழாயில அடைப்பாம். நாளைக்குக் காலையில உள்ள போயிப் பாத்து ஸ்டென்ட் வைக்கணுமாம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு அந்தப் புள்ள டாக்டர் எங்கிட்ட சொன்னாரு. அத நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"ஆறுமுகநயினாரு இப்படித்தாண்டி உள்ள வந்தான்."

"இப்படி வரல. அகிலாண்டத்துகிட்ட கேட்டேன்." அகிலாண்டம் ஆறுமுகநயினாரின் மனைவி. "அவ சொன்னா, நாலு நாளா நெஞ்சு வலி இருந்துருக்கு. வாயு, வாயுன்னே சொன்னாராம். பூண்டப் பால்ல போட்டுக் கேட்டாராம். இவளும் போட்டுக் குடுத்தாளாம். அதச் சொல்லிச் சொல்லி இன்னும் நெஞ்சுல அடிச்சுக்கிடுதா. எனக்கு அந்தக் கதி வேண்டாம். நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன்."

அமிர்தநாதன் தலையணையில் சாய்ந்தார். நாலு நாளும் ஆறுமுகநயினார் தன்னோடு டீ குடித்தது நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லையே, படுபாவி. தானும் அவனிடம் சொல்லியிருக்க மாட்டோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"பயமா இருக்குட்டி" என்றார், சின்னக் குரலில்.

"எனக்கும்தான்" என்று சொல்லி அவள் ஊசி இல்லாத கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏஞ்சலோவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சூழ்நிலையைச் சமாளிக்க டப்பாவைத் திறந்து ஒரு ரொட்டியை எடுத்தான். கடித்தான். கடைவாய்க்கு மாற்றிக் கடித்தான். ரொட்டி மடக்கென்று ஒடிந்தது.

"நல்லாருக்கு அண்ணாச்சி. பூண்டு மட்டும் கொஞ்சம் தூக்கல்."

"எனக்கு ஒண்ணு குடு."

"உங்களுக்கு வெறும் வயிறு மாமா. நாளைக்கு முடியற வரைக்கும் தண்ணிகூட கேட்டுத்தான்" என்றாள் ஜெஸி. அவளும் ஒன்று எடுத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்களுக்கும் டப்பா போனது. அமிர்தநாதன் சுட்ட ரொட்டியை அமிர்தநாதனைச் சுற்றி நின்று எல்லோரும் நொறுக் நொறுக்கென்று தின்றார்கள். பெட்டி பீப் பீப் என்றது.

மணி அடித்தது. பார்வையாளர் நேரம் முடிந்தது, எல்லோரும் வெளியே போங்கள் என்று வாட்ச்மேன் இந்தியில் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். பைகள் எழுந்தன, நாற்காலிகள் நகர்ந்தன. ஏஞ்சலோ ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போனான். ஜெயசீலி அவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். அவள் முதுகு தூரமாகப் போகப் போக, அமிர்தநாதனுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் அவளோடு கிளம்பிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம். கூட்டத்தோடு கூட்டமாக நழுவினால் யாருக்குத் தெரியும்? கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டு, கீழே செருப்பைத் துழாவினார். வலப்பக்கம் துழாவினார். இடப்பக்கம் துழாவினார். பின்பக்கம் இல்லாத அங்கிக்குள் மின்விசிறிக் காற்று சில்லென்று புகுந்தது.

வாசலில் ஜெயசீலி திரும்பி நின்று பையைத் தட்டிக் காட்டினாள்.

"பேன்ட்டு, சட்ட, செருப்பு எல்லாம் இங்கன பத்திரமா இருக்கு. டிஸ்சார்ஜ் அன்னைக்குக் கொண்டாறேன், காலத் தூக்கி மேல போடுங்க."